அன்று கிளினிக்கில் நான் இருந்தேன்

கண்ணு,

போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாய், சரி. சென்னையில் தோழி வீட்டில் இருக்கிறேன், சாப்பிட்டேன், தூங்கினேன் என்று உன் அப்பாவுக்கு மட்டும் இரண்டு வரி அனுப்புகிறாய், அதுவும் சரி. பதிலுக்குக் கோபித்துக்கொள்ளக்கூட எனக்குத் தெம்பில்லை. காலை ஷிப்டு முடித்து, ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டே வந்து இறங்கி, வீங்கிய காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். உன் அப்பா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவார். அவரும் படிப்பார் என்பதால் அவரைப் பற்றி நல்லதாகவே எழுதியாக வேண்டும், அது வேறு தொல்லை.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். நீ வக்கீலிடம் சொன்ன கதையும் நான் கண்ணால் பார்த்ததும் ஒன்றாக இல்லை. என்னோடு பஸ்ஸில் வருகிற பேச்சியம்மாளுக்கு, வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டுக்கு நீ கேப் போட்டாய். இரண்டு கேப்பிலும் பீங்கான் பெயர்ந்து உள்ளே இரும்பு தெரிகிறது. உள்ளே இருக்கிற பல்லில் ஒன்று விண்டுபோயிருக்கிறது என்று வேறொரு டாக்டர் சொல்லிவிட்டார். அவள் உன் பேரில் வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறாள். தை மாதம் உனக்குக் கல்யாணம். இந்த நேரத்தில் இது வந்து தொலைந்ததே என்று நீ அழுதாய். நானும்தான் அழுதேன்.

இதை ஆரம்பித்து வைத்தது நான். நீ படித்து முடித்து, மெயின் ரோட்டில் ஒரு ரூம் பிடித்து, உன் பெயர் போட்ட பலகையை மாட்டிய அன்றைக்கே நான் பஸ்ஸில் தண்டோரா போட ஆரம்பித்துவிட்டேன். எங்கள் பஸ் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். ஒருத்திக்குத் தலைவலி என்றால் நாலு சீட்டிலிருந்து தைலம் வரும். ஊருக்குப் போய் வருகிறவள் பஸ் முழுவதற்கும் பலகாரம் கொண்டு வருவாள். அந்த உரிமையில் நான் யார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், "இன்னாடி, பல்லா? எம்பொண்ணாண்ட வாடி. நம்ம வூட்டு டாக்டர் இருக்கும்போது எதுக்கு வெளில போற?" என்று கூப்பிட்டேன். வல்லம் வடகாலில் தொழிற்பேட்டைக்கு நம் நிலத்தை எடுத்துக்கொண்டு கொடுத்த பணம் முழுவதும் உன் படிப்புக்குப் போனது. அதனால் அந்தப் பலகையில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதாக எனக்கு ஓர் எண்ணம். சம்பந்தி வீட்டில் நீ "அம்மா கம்பெனியில வேலை பாக்குறாங்க" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறாய். கம்பெனி கேன்டீனில் கரண்டி பிடிப்பதும் கம்பெனி வேலைதான், அதில் பொய்யில்லை. ஆனால் நான் பஸ்ஸில் உன்னைப் பற்றிச் சொன்னபோது எதையும் பாதி சொல்லி நிறுத்தவில்லை.

பேச்சி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டலில் ஒரே ரூமில் ஆறு பேரோடு இருக்கிறாள். லைனில் நின்றுகொண்டே வேலை, ஓ.டி. வந்தால் விடமாட்டாள். சொத்தைப் பல்லோடு வெகுநாள் மாத்திரையில் ஓட்டியவளை நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். நீயும் தங்கமாகத்தான் நடந்துகொண்டாய். வேர் சிகிச்சையை வலிக்காமல் செய்தாய், கேப்புக்கு லேப் செலவை மட்டும் வாங்கிக்கொண்டாய். ஆனால் நம்ம பஸ் பெண் என்பதால் கார்டு போடவில்லை, பில் போடவில்லை. வேர் அடைத்த பிறகு எடுக்கிற எக்ஸ்ரேவையும் "அப்புறம் பாத்துக்கலாம்மா" என்று விட்டாய். வெளியிலிருந்து பணம் கொடுத்து வருகிறவர்களுக்கு ஒன்று விடாமல் செய்கிறாய். நம் மனிதர்கள் என்றால் சலுகை கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கவனிப்பையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறோம். உன்னை மட்டும் சொல்லவில்லை. சொந்தக்காரர் வீட்டுப் பந்தியில் நானே கடைசியில் மிஞ்சிய அடிப்பிடித்த சோற்றை நம்மாட்களுக்குத்தானே என்று போட்டிருக்கிறேன்.

கேப் ஒட்டிய சாயங்காலம் உனக்கு நினைவிருக்கும். உன் உதவிக்கு இருக்கிற பெண் அன்றைக்கு லீவு. எச்சில் உறிஞ்சுகிற குழாயை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். நிச்சயதார்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போக உன் வருங்கால மாமியார் வாசலில் காரில் வந்து காத்திருந்தார். இரண்டு தரம் ஹாரன் அடித்தார்கள். நான்தான் உன் காதோரம் வந்து, "சீக்கிரம் முடிம்மா, அவங்க கார்லயே ஒக்காந்துகினு கீறாங்க, நல்லா இருக்காது" என்றேன். நீ கேப்பை வைத்து அழுத்தி, பஞ்சைக் கடிக்கச் சொன்னாய். கொஞ்ச நேரம் கழித்துப் பஞ்சை எடுத்ததும் பேச்சி வாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "டாக்டரக்கா, லேசா தூக்கலா இருக்குக்கா. இந்தப் பக்கம் மட்டும் முட்டுது" என்றாள். நீ கையுறையைக் கழற்றிக்கொண்டே, "புதுசுல அப்படித்தான் இருக்கும். ஒரு வாரத்துல செட் ஆயிடும்" என்றாய். மற்றவர்களுக்கெல்லாம் ஒரு நீலக் காகிதத்தைப் பல்லுக்கு நடுவில் வைத்து, "கடிங்க, தட்டுங்க" என்பாயே, மை அதிகமாக ஒட்டிய இடத்தைத் தேய்த்துவிட்டு மறுபடியும் கடிக்கச் சொல்வாயே, அந்தக் காகிதத்தை அன்றைக்கு நீ எடுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எடுக்கவில்லையே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் என் காது வாசலில் இருந்த காரிடம் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கேன்டீனில் யார் எதைத் தட்டில் மிச்சம் வைக்கிறார்கள் என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிடும். பேச்சி சப்பாத்தி வாங்குவதை நிறுத்தினாள். சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து கஞ்சி மாதிரி விழுங்கினாள். சிக்கன் போடுகிற அன்றைக்கு அவள் துண்டைப் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளிவிடுவாள். ஒருநாள் நானே கரண்டியோடு நின்று, "இன்னாடி, டயட்டா? கல்யாணம் எம்பொண்ணுக்கா ஒனக்கா?" என்று கேலி செய்தேன். "ஒண்ணுமில்லக்கா, பசியில்ல" என்று சிரித்தாள். இடது பக்கம் மட்டும் மென்றுகொண்டே சிரித்தாள். மலிவாகச் செய்து கொடுத்தவர்களிடம் போய் எப்படிக் குறை சொல்வது என்று இருந்திருக்கிறாள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நாம் சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர்தானே. நான் கூப்பிட்டு வந்தவள் என்பதால், எனக்குச் சங்கடம் வரக்கூடாதென்று அவள் அந்த வலியைப் பொறுத்துக்கொண்டாள். அவளை வேறு யாராவது கூட்டிப் போயிருந்தால் மறுநாளே வந்து சண்டை போட்டிருப்பாள், நீயும் தேய்த்து அனுப்பியிருப்பாய், அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும்.

முதல் கேப்பில் பீங்கான் பெயர்ந்தபோதுதான் உன்னிடம் வந்தாள். நீ கண்ணாடியை வைத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எலும்பு கடிச்சியா? முறுக்கா?" என்று கேட்டாய். அவள் இல்லை என்றாள். "கடிக்காம எப்படி உடையும்? கேப்னா என்ன கருங்கல்லா?" என்று சிரித்தாய். கல்யாண வேலையில் இருக்கிறேன், ஒரு மாதம் போகட்டும், மாற்றித் தருகிறேன் என்று அனுப்பிவிட்டாய். இரண்டாவதும் பெயர்ந்து, கன்னம் வீங்கி, லைனில் மயங்கி உட்கார்ந்த பிறகு, ஹாஸ்டல் பெண்கள் அவளைத் தாம்பரத்துக்கு வேறு டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். கேப் தூக்கலாக இருந்ததால் வெகுநாளாக அந்தப் பல்லே மொத்த பாரத்தையும் வாங்கியிருக்கிறது, ஒரு பல் விண்டிருக்கிறது, இன்னொன்றைச் சீக்கிரம் பார்த்தால் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் இரண்டும் போகும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். யார் போட்டது, ஏதாவது சீட்டு இருக்கிறதா என்று கேட்டதற்கு அவளிடம் காட்ட ஒன்றும் இல்லை. உனக்குப் போன் செய்தாள், நீ எடுக்கவில்லை. அப்புறம்தான் யாரோ வழி சொல்லி நோட்டீஸ் விட்டாள். அதில் "டாக்டரின் தாயாரும் உடனிருந்தார்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் உன் வக்கீலான மாப்பிள்ளையின் தாய்மாமா நம் வீட்டுக்கு வந்தார்.

நல்ல மனிதர்தான். நான் போட்ட இட்லியைப் புகழ்ந்து சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வக்கீல் ஆனார். "பில்லு இல்ல, ஃபைல் இல்ல, எக்ஸ்ரே இல்ல. இது நமக்கு நல்லதும்மா. செக் பண்ணித்தான் போட்டாங்கன்னு டாக்டர் சொல்லுவாங்க, இல்லன்னு அந்தப் பொண்ணு சொல்லும். வேற யாருமே பாக்கல. நீங்க அன்னிக்கு வீட்ல இருந்தீங்க. அவ்வளவுதான், ஒரு கையெழுத்து போதும்" என்றார். நீ பக்கத்தில் தலையைக் குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பேனாவை வாங்கவில்லை. "யோசிச்சி சொல்றேங்க" என்றேன். அவர் படியிறங்கியதும் நீ என்னைப் பார்த்து, "நீ யாருக்கு அம்மா? எனக்கா அவளுக்கா?" என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாய். அந்தக் கேள்விக்குச் சுருக்கமான பதில் கிடையாது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்ததும் தெரியாததும் எது என்று தெளிவாகவே இருக்கிறேன். கேப் உடைந்ததற்கு நீதான் காரணம் என்று நான் எங்கேயும் சொல்லமாட்டேன், அது எனக்குத் தெரியாது. நல்ல டாக்டர் போட்ட கேப்பும் உடையும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்கள் உண்டு, லேப்பில் வார்ப்பு சரியில்லாமல் வருவதுண்டு. அதையெல்லாம் தெரிந்தவர்கள் ஆராயட்டும். அவள் முட்டுகிறது என்று சொன்னாள், நீ காகிதம் வைத்துப் பார்க்கவில்லை, நான் அவசரப்படுத்தினேன். இந்த மூன்றும் எனக்குத் தெரியும். இதைத் தெரியாது என்று சொல்ல வேண்டுமென்றால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவேண்டும். நான் சோறு போடுகிற வேலையில் இருக்கிறேன், என்னால் அது ஆகாது.

உன் அப்பா வேன் ஓட்டியபோது மணிமங்கலம் ரோட்டில் மழையில் ஒரு டி.வி.எஸ்.காரரை இடித்துவிட்டாரே, நினைவிருக்கிறதா? நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். வேனில் இருந்தவர்கள் எல்லாம் நிறுத்தாதே, போ போ என்றார்கள். இவர் நிறுத்தினார். கூடியவர்களிடம் அடி வாங்கினார், அந்த மனிதரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார், வேன் முதலாளி இவரை வேலையை விட்டு அனுப்பினார். அடிபட்டவர் வீட்டார் கேஸும் போட்டார்கள். பல மாதம் வீட்டில் சும்மா இருந்தார், உன் டியூஷனை நிறுத்தினோம். நீ அழுதுகொண்டே, "ஏம்ப்பா நிறுத்துன?" என்று கேட்டதற்கு, "அந்தாளு என்னப் பாத்துட்டாரும்மா" என்றார். உண்மையாக நடந்துகொண்டதால் நமக்கு அப்புறம் ஏதோ நல்லது நடந்தது என்று கதை முடிக்க எனக்கும் ஆசைதான். ஒன்றும் நடக்கவில்லை, கண்ணு. கஷ்டம்தான் நடந்தது. அந்த மனிதர் காலை விந்திக்கொண்டு நடந்தார், நாம் கடனோடு நடந்தோம். அவர் அன்று நிறுத்தாமல் போயிருந்தால் நான் அவரோடு எப்படிக் குடித்தனம் செய்திருப்பேன் என்று மட்டும் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். செய்திருப்பேன், வேறென்ன. ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கமாட்டேன்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள், இரண்டு வருஷமாகக் கட்டிய பெயர் என்ன ஆகும், பட்டத்துக்கே ஏதாவது வந்துவிடுமோ என்று உனக்குத் தூக்கமில்லை. எனக்கும் பஸ்ஸில் நிம்மதியில்லை. நோட்டீஸ் வந்ததிலிருந்து நான் ஏறினால் பேச்சு நின்றுவிடுகிறது. பேச்சி அதே பஸ்ஸில்தான் வருகிறாள், கடைசி வரிசையில் துப்பட்டாவைக் கன்னத்தில் சுற்றிக்கொண்டு உட்காருகிறாள். கேன்டீனில் என் வரிசையில் நிற்காமல் அடுத்த வரிசைக்குப் போகிறாள். நான் என்னவோ அவள் சோற்றைப் பிடுங்கிவிட்டவள் மாதிரி ஆகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் பிடுங்கித்தான் விட்டோம்.

இன்று காலை பஸ்ஸில் நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பேச்சி, நீ முட்டுதுன்னு சொன்ன. நான் கேட்டேன். பேப்பர் வச்சிப் பாக்கல, அதையும் பாத்தேன். எங்க கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்" என்றேன். பஸ்ஸே கேட்டிருக்கும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பம் டாக்டரக்கா கல்யாணம் என்னாகும்க்கா?" என்று கேட்டாள். வாயில் இரண்டு பல் போய்விடும்போல இருக்கிறது, அவள் உன் கல்யாணத்தைக் கேட்கிறாள். "எனக்குக் கேசு நடத்தவெல்லாம் தெம்பில்லக்கா. லீவு போட்டா சம்பளம் போயிரும். அவுக வந்து ஒரு தரம் வாயைப் பாத்து, இன்னது ஆயிப்போச்சின்னு எங்கிட்ட சொன்னாப் போதும். எலும்பு தின்னேன்னு சொன்னாகள்லா, அதுதான்க்கா என்னால தாங்க முடியல" என்றாள்.

அவளுக்கு அது போதும். ஆனால் நமக்கு அது போதாது. நீ போய் அவளைப் பார், எக்ஸ்ரே எடு, நடந்ததை ஒரு தாளில் எழுதி உன் கையெழுத்தோடு அவளுக்குக் கொடு. உன் கையில் இனி வாயைக் கொடுக்க அவள் பயந்தால், உன் காலேஜ் புரொபசரிடம் நீயே கூட்டிப் போ, ஆகிற செலவை நாம் பார்ப்போம். உண்மையில் நடந்ததை மாப்பிள்ளையிடம் நீயாகவே சொல்லிவிடு. கேட்டுவிட்டு அவர் கல்யாணம் வேண்டாமென்றால், அது தாலி ஏறுவதற்கு முன்னால் தெரிந்தது நல்லது. வேண்டும் என்றால் அந்தப் பிள்ளைக்கு நான் ஆயுசுக்கும் இட்லி சுட்டுப் போடுவேன்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். உன் வாயை நான் திறக்க முடியாது, என் வாயை நீ மூடவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை பேச்சிக்கு லீவு. காலையில் கிளினிக்கைத் திறந்து, பெருக்கித் துடைத்துவிட்டு, அவளோடு நான் காத்திருப்பேன். மத்தியானம்வரை இருப்போம். நீ வந்தால் உன் வருங்கால மாமியார் வாசலில் எத்தனை ஹாரன் அடித்தாலும் நான் வெளியே போய்க் காத்திருக்கச் சொல்கிறேன். நீ வராவிட்டால், திங்கட்கிழமை நான் லீவு சொல்லிவிட்டு, அவளோடு அவள் வக்கீலிடம் போய், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லி, கீழே கையெழுத்துப் போடுவேன். உன்னைப் பெற்றவள் என்பதற்காகப் போடாமல் இருக்கமாட்டேன். உன்னைப் பெற்றவள் என்பதால் அழாமலும் இருக்கமாட்டேன்.

அம்மா